பிரேக்கில் சுறா எண்ணெய்

பிப். 9, திங்கள்
காலையில் பனி, அப்புறம் சுள்ளென்று வெயில். பாரூக் பாய் ஷெட்டைத் திறந்தார். அம்பாசடர் செங்கல் மேல் நிற்கிறது. பாய் துபாய் போய்த் திரும்பிவர எட்டு வருடம். சக்கரங்கள் சுவரோரம். பின்சீட்டுக்குள் எலிக் குடும்பம்.

பேச்சு இதுதான்: வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு பாய் இந்த வண்டியில் பள்ளிவாசல் போக வேண்டும். போனால் ஷெட் எனக்கு, ஒர்க்‌ஷாப் போடலாம். இல்லையென்றால் கோழித்தீவனக் கடைக்காரருக்கு. அவர் வந்து அளந்தே பார்த்துவிட்டார்.

வேலைக்குக் கூப்பிட்ட ஓசூர் கம்பெனிக்கு சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஓசூர்தான். "இன்ஜினியருக்குப் படிச்சது ஓட்ட வண்டிக்கு அடியில படுத்துக் கெடக்கவா?"

வாங்க: பேட்டரி, பிளக், ஃபேன் பெல்ட், எலிப்பொறி.

10, செவ்வாய்
எஞ்சின் இறுகிக் கிடந்தது. நேற்றே பிளக் துளையில் டீசலும் ஆயிலும் ஊற்றி வைத்தேன். இன்று கையால் சுற்றியதும் கொடுத்தது.

அடியில் படுத்துப் பார்த்தால் தகட்டில் ஓர் ஓட்டைகூட இல்லை. இந்த உப்புக்காற்றில்! கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ பூச்சு. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. தெருப் பூனைகள் மொத்தமும் வாசலில்.

பாயிடம் கேட்டால் சிரிக்கிறார். "பட்டினச்சேரி படகுக்காரன் செல்வம் வேல அது. துருப்புடிக்காம பாத்துக்கடான்னுட்டுப் போனேன். படகுக்குப் பூசுற சுறா எண்ணெய டின்னோட கொண்டாந்து பூசிட்டான்."

"படகும் காரும் ஒண்ணாங்க பாய்?"

"ரெண்டும் உப்புக்காத்துலதான நிக்குது வாப்பா?"

எரிச்சல்.

11, புதன்
டேங்க் கழுவியாயிற்று. கார்புரேட்டர், பிரேக் ஆயில் முடிந்தது. மதியத்துக்கு முன் ஸ்டார்ட். வெள்ளைப் புகை, இருமல், பிறகு சீரான சத்தம். கத்திவிட்டேன். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையாம்.

வெளியே எடுத்தேன். பிரேக் மிதித்தேன். நிற்கவில்லை. இரண்டு வாழை காலி. துணிக்கொடி அறுந்தது. மாடியிலிருந்து பாய் மனைவி: "காயப்போட்ட எம் பொடவ எங்க தம்பி?" பம்பரில்.

பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளேயும் சுறா எண்ணெய். லைனிங் ஊறி, விரல் வைத்தால் வழுக்குகிறது. முதலிலேயே திறந்து பார்த்திருக்க வேண்டும். அவசரம்.

செல்வத்துக்குப் போன். "ஒரு எடம் உடாம பூசச் சொன்னாரு, பூசுனேன். படகுக்கு ஏது தம்பி பிரேக்கு?"

திட்ட வாயெடுத்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

12, வியாழன்
மேகமூட்டம். லைனிங் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. கும்பகோணத்தில் இருக்கிறது, நாளைக் காலை பஸ்ஸில் வரும். டிரம்களைப் பெட்ரோலால் கழுவினேன். அம்மா சோறு போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

13, வெள்ளி
பார்சல் வந்தது. மாட்டி முடிக்கவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. தெருவில் மெதுவாக ஓட்டினேன். நிற்கிறது. ஆனால் இடது பக்கம் இழுக்கிறது. பாய் வெள்ளை ஜிப்பா, அத்தர், தொப்பியோடு தயார்.

"இன்னைக்கு வேணாங்க பாய்."

"ஓடுதுல்ல?"

"ஓடும். நேரா நிக்காது. பள்ளிவாசல்ல கூட்டமா இருக்கும்."

"அப்ப ஷெட்டு?"

"தீவனக்காரருக்கே குடுங்க. சாவி தர மாட்டேன்."

முகம் இறுகிப்போய் வெயிலில் நடந்தே போனார். நான் மறுபடி வண்டிக்கு அடியில். ஷெட்டே போன பிறகு எதற்கு இந்த வேலை? தெரியவில்லை. செய்தேன்.

பாய் திரும்பும்போது கூட ஒருவர். தொழுகை முடிந்ததும் பாய் பார்த்தவரிடமெல்லாம் குறை சொல்லியிருக்கிறார்: என் வண்டி, எனக்கே சாவி தர மாட்டேங்கிறான். வந்தவருக்குத் திருமலைராயன்பட்டினம். வீட்டில் ஒரு ஜீப் வருடக்கணக்காகச் சும்மா நிற்கிறதாம்.

"பிரேக்கு சரியில்லன்னு மொதலாளியவே நடக்க வுட்டது நீதானா?"

"ஆமா."

"எம் பையன் ஓட்டப்போற வண்டி. எங்க கொண்டாந்து உடுறது?"

பாயைப் பார்த்தேன். அவர் வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கயே உடுங்க. அந்தத் தீவனக்காரன் எப்பவும் எடம் பத்தலன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான்."

14, சனி
ஓசூருக்கு வரவில்லை என்று மெயில் அனுப்பியாயிற்று. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வண்டி இன்னும் இடது பக்கம் இழுக்கிறது, கொஞ்சமாக. ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். ஷெட்டில் இடம் ஒதுக்க வேண்டும்.