எடைக்கல் மெலிந்தது குறித்து

அனுப்புநர்
எடை எழுத்தர்,
மேடைத் தராசுக் கூடம், வடக்கு வாசல்,
மொத்தக் காய்கறிச் சந்தை.

பெறுநர்
உயர்திரு அதிகாரி அவர்கள்,
எடை அளவுத் துறை,
முதல் மாடி, கதவு எப்போதும் திறந்திருக்கும் அறை.

பொருள்: இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மெலிந்த குற்றத்துக்காக எனக்கு வழங்கப்பட்டுள்ள குறிப்பாணையை ரத்து செய்யக் கோருதல், மற்றும் எட்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் அலுவலகம் எடுத்துச் சென்ற ஏழு இரும்பு எடைக்கற்களைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலக ஒப்புகைச் சீட்டு ("கற்கள் ஒரு வாரத்தில் திருப்பித் தரப்படும்"). 2. சந்தைக் கண்காணிப்பாளரின் குறிப்பாணை. 3. அறுவை மருத்துவரின் சான்று.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி சந்தையில் பதினான்கு ஆண்டுகளாக எடை எழுத்தராக இருக்கிறேன். மூட்டை தராசில் ஏறும், எண் தெரியும், நான் பதிவேட்டில் எழுதுவேன். இதுதான் என் நியமன ஆணையில் உள்ள வேலை. நியமன ஆணையில் இல்லாத இன்னொரு வேலையையும் எட்டு ஆண்டுகளாகச் செய்து வந்தேன். அதைச் சொன்னால்தான் என் குறை தங்களுக்கு விளங்கும்.

2. எங்கள் தராசு சரியாக இருக்கிறதா என்று திங்கட்கிழமை தோறும் சோதிக்க, இருபது கிலோ இரும்புக் கற்கள் ஏழு இருந்தன. மொத்தம் நூற்று நாற்பது கிலோ. எட்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் துறையினர் அவற்றைச் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்று வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். ஒரு வாரம் என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை கற்கள் வரவில்லை. கண்காணிப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு கூடத்தில் அங்குமிங்கும் நடந்தார். அப்போது அவர் பார்வை என் மீது விழுந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் ஊழியர் மருத்துவப் பரிசோதனையில் என் எடை நூற்று நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தார்கள். ஏழு கல்லை விட இரண்டு கிலோ கூடுதல், அதுவும் தானாகவே நடந்து வந்து தராசில் ஏறக்கூடியது. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி என்னை மேடையில் ஏற்றினார்கள். தராசு மெக்கானிக் நூற்று நாற்பத்திரண்டு காட்டும்வரை தராசைச் சரிசெய்யும் திருகைத் திருகினார். அந்தத் தற்காலிகம் எட்டு ஆண்டுகள் நடந்தது.

3. பொய் சொல்ல மாட்டேன் ஐயா, அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது. "கல்லு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சந்தையையே திறப்பார்கள். நானும் பொறுப்பாக இருந்தேன். ஞாயிறு மாலை மருந்துக்கடைத் தராசில் ஏறிப் பார்ப்பேன். குறைந்திருந்தால் வழியிலேயே எதையாவது வாங்கித் தின்று சரிக்கட்டுவேன். ஒருமுறை காய்ச்சலில் நான்கு கிலோ இறங்கியபோது, கண்காணிப்பாளர் என்னைக் கேன்டீனில் உட்காரவைத்து இரண்டு நாள் பக்கத்திலேயே நின்று பரிமாறச் செய்தார். பெற்ற தாய்கூட அப்படிக் கவனித்ததில்லை. தங்கள் ஆய்வாளரும் ஆண்டுதோறும் வருவார். நான் ஏறி நிற்பதைப் பார்ப்பார், தேநீர் குடிப்பார், முத்திரை வைத்துவிட்டுப் போவார். முத்திரையை இயந்திரத்தின் மீது மட்டும் வைத்தார் என்பதற்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

4. இதற்கிடையில் உடம்பு தன் கணக்கைத் தனியாக வைத்திருந்தது. முழங்கால் இரண்டும் போயின. சர்க்கரை வந்தது. குனிய முடியாததால், பள்ளிக்குக் கிளம்புமுன் என் மகள்தான் தினமும் என் ஷூவுக்குக் கயிறு கட்டிவிடுவாள். ஏழு வயதில் தொடங்கியவளுக்கு இப்போது பதினொன்று. பள்ளியில் அவளுக்குப் பெயர் "கல்லு பொண்ணு" என்று தெரிய வந்த அன்று, தரையில் உட்கார்ந்து என் கயிற்றை முடிந்துகொண்டிருந்த அவள் தலையை மேலிருந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அந்த வாரமே மருத்துவரைப் பார்த்தேன். அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார், இப்படியே போனால் மகள் வளர்ந்து நிற்பதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன் என்று.

5. ஏழு மாதங்களுக்கு முன், முறைப்படி மருத்துவ விடுப்பு பெற்று, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்து வைத்திருக்கிறார்கள். அதன் பிறகான என் வாழ்க்கையைத் தங்கள் பொறுமையைச் சோதிக்காத அளவில் சொல்கிறேன். மகள் குழந்தையாக இருந்தபோது வைத்திருந்த கிண்ணம்தான் இப்போது என் தட்டு. தேக்கரண்டியால் இருபது நிமிடம் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் கழித்து, அதுவும் மடக்கு மடக்காக. பழைய ஞாபகத்தில் ஒரு வாய் வேகமாக விழுங்கினால் நெஞ்சில் கல் வைத்ததுபோல் அடைத்துக்கொள்ளும் (இந்த உவமையைத் தவிர்க்கப் பார்த்தேன், முடியவில்லை). தலைமுடி கொட்டுகிறது. எல்லோரும் விசிறிக்கொள்ளும்போது எனக்குக் குளிர்கிறது. வயிற்றுத் தோல், பெரிய தலையணையின் உறையைச் சின்னத் தலையணைக்குப் போட்டதுபோல் தொங்குகிறது. என் அக்கா பார்க்க வந்து, எப்படி இருந்த பையன் என்று ஒரு மூச்சு அழுதுவிட்டு, அந்த ஒப்பாரிக்கு நடுவே தன் பெயரையும் அதே மருத்துவரிடம் பதிந்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இன்னும் என்ன வியாதி என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

6. இத்தனைக்கும் நடுவே ஒரு காலை நானே குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். மகள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, "முடிச்சு தப்பாப் போடுறீங்கப்பா" என்றாள். அவிழ்த்துச் சொல்லிக் கொடுத்தாள். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

7. இரண்டு மாத விடுப்பு முடிந்து நூற்றுப் பதினெட்டு கிலோவுடன் வேலைக்குத் திரும்பினேன். அன்று திங்கட்கிழமை. வழக்கம்போல ஏறச் சொன்னார்கள். ஏறினேன். நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது. தராசு தன் வாழ்நாளிலேயே அன்றுதான் முழு உண்மையைச் சொன்னது என்று நினைக்கிறேன். மெக்கானிக் தலையைச் சொறிந்து, இயந்திரம் இருபத்துநான்கு கிலோ குறைவாகக் காட்டுகிறது என்று அறிவித்தார். நான்தான் மெலிந்துவிட்டேன், இயந்திரம் சரி என்று சொல்லி, மருத்துவமனை எடைச் சீட்டையும் நீட்டினேன். அதைக் கண்காணிப்பாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, மருத்துவமனைத் தராசு சந்தை முத்திரை பெற்றதல்ல என்று திருப்பித் தந்தார். பதிவேட்டில் நூற்று நாற்பத்திரண்டு என்றுதான் இருக்கிறதாம். ஆகவே திருகு திருகப்பட்டது. நூற்றுப் பதினெட்டு கிலோ ஆளாக ஏறி நூற்று நாற்பத்திரண்டாகக் கீழே இறங்கினேன்.

8. நான் மெலிய மெலிய, திங்கட்கிழமை தோறும் திருகினார்கள். முதலில் கண்டுபிடித்தவர்கள் மூட்டை தூக்குபவர்கள்தான். அவர்களில் மூத்தவர் அறுபது கிலோ உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் வந்தார். "எழுபத்திரண்டுன்னு எழுதுற. என் முதுகு அறுபதுன்னு சொல்லுது. முப்பது வருஷமா அது பொய் சொன்னதில்லப்பா" என்றார். நான் மேலே போய்ச் சொன்னேன். முதுகுக்கும் முத்திரை கிடையாது என்று பதில் வந்தது. இன்று என் எடை தொண்ணூற்றேழு. அதே அறுபது கிலோ மூட்டை இன்று எண்பத்தெட்டு காட்டுகிறது. வாங்குபவர்கள் வேறு வழியின்றி "சந்தைக் கிலோ", "வீட்டுக் கிலோ" என்று இரண்டு கிலோ வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார்கள். விற்பவர்களோ என்னைக் கண்டால் கும்பிடுகிறார்கள், இன்னும் கொஞ்சம் மெலியச் சொல்லி.

9. புகார்கள் குவிந்த பிறகு கண்காணிப்பாளர் ஒரு தீர்வு கண்டார். நான் குறைந்த அளவுக்கு ஒரு மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தராசில் நிற்க வேண்டும். அறுவைக்குப் பின் ஆறு மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்ற மருத்துவரின் தாளைக் காட்டினேன். ஐந்து நிமிடம்தானே என்றார்கள். தூக்கினேன், நின்றேன். அரை மணி நேரம் கழித்துத்தான், அந்த மூட்டை எத்தனை கிலோ என்பதை எந்தத் தராசில் பார்ப்பது என்ற கேள்வி மெக்கானிக்குக்குத் தோன்றியது. திட்டம் கைவிடப்பட்டது. தையல் போட்ட இடத்தில் வலி வந்து நான் நான்கு நாள் படுத்துக் கிடந்தேன். அந்த நான்கு நாளும் என் கணக்கில் விடுப்பாக எழுதப்பட்டன.

10. அடுத்தது கேன்டீன் வழி. என்னைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கேன்டீன்காரரின் பொறுப்பு என்று வாய்மொழி உத்தரவு. அவர் நல்ல மனிதர், சொன்னதைச் செய்தார். கண்காணிப்பாளரின் பதவி உயர்வு விருந்தில் ஒரு தட்டு நிறைய இனிப்பை என் முன் வைத்து, சுற்றிப் பத்துப் பேர் நின்றுகொண்டார்கள். எனக்காக ஒண்ணு, எனக்காக ஒண்ணு என்று ஆளுக்கொன்றாக வாயில் திணித்தார்கள். மறுக்கத் தெரியாத என் மண்டையையும் சொல்ல வேண்டும். மூன்றாவதில் இதயம் படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வேர்த்து, வெங்காய மூட்டைகள் மேல் சாய்ந்தேன். இந்த அறுவைக்குப் பின் இனிப்பு அப்படித்தான் செய்யும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். நான் கண் திறந்தபோது கண்காணிப்பாளர் மெக்கானிக்கிடம், ஏதாவது ஏறியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

11. இவை எதுவும் பலிக்காமல் போகவே, பார்வை இரண்டில் கண்ட குறிப்பாணை வந்தது. "அலுவலகப் பயன்பாட்டில் உள்ள எடை அளவை முன் அனுமதியின்றிக் குறைத்தது" என் மீதான குற்றச்சாட்டு. தொண்ணூறு நாட்களுக்குள் நூற்று நாற்பத்திரண்டு கிலோவுக்குத் திரும்ப வேண்டும், தவறினால் பணிநீக்கம். வருகிற திங்கட்கிழமையோடு தொண்ணூறு நாள் முடிகிறது. என் மனைவி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. "அவங்களுக்குக் கல்லு வேணும்னா கல்லு வாங்கச் சொல்லுங்க. எனக்கு வேணுங்கிறது புருஷன்" என்றார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை என்னால் எழுத முடியாது என்பதால், குறிப்பாணைக்கான என் பதிலாக அதையே சமர்ப்பிக்கிறேன்.

12. ஐயா, இந்த மனுவை நேரில் கொடுக்கக் கடந்த வாரம் மூன்று நாள் தங்கள் அலுவலகம் வந்தேன். மூன்று நாளும் தாங்கள் மதிய உணவுக்குச் சென்றிருந்தீர்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை, நிதானமாகச் சாப்பிடுவதன் அருமை இப்போது எனக்குத் தெரியும். தங்கள் அறை வாசலில் உள்ள பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன். கைப்பிடி உள்ள நாற்காலி. பல ஆண்டுகளுக்குப் பின் அப்படியொன்றில் உட்கார்ந்ததால், சிறிது நேரம் அந்தக் கைப்பிடிகளையே தடவிக்கொண்டிருந்தேன். பிறகு குனிந்தேன், ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. குனிந்த இடத்தில்தான் அதைப் பார்த்தேன். தங்கள் அறைக் கதவு மூடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த இரும்புக் கல். பச்சைப் பெயிண்ட், எங்கள் சந்தையின் முத்திரை, எண் நான்கு.

13. எழுந்து பார்த்தேன். ஆட்டம் காணும் அலமாரியின் கால்களுக்கு அடியில் எண் ஒன்றும் ஆறும். ஜன்னலோரக் கோப்புகள் பறக்காமலிருக்க எண் இரண்டு. மற்ற மூன்றையும் தேடும் அதிகாரம் எனக்கில்லை. தங்கள் அலுவலக உதவியாளரிடம் கேட்டேன். "அது ரொம்ப வருஷமா அங்கதான் சார் இருக்கு. எடுத்தா கதவு படார்னு அடிச்சுக்கும்" என்றார். கோபம் வந்தது என்று எழுதினால் மனுவின் மரியாதை கெடும். ஆனால் வந்தது. என் முழங்கால்கள், என் சர்க்கரை, என் மகள் தரையில் உட்கார்ந்த நான்கு ஆண்டுகள், எல்லாம் அந்தக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக நடந்திருக்கின்றன.

14. எனவே தாங்கள் கருணைகூர்ந்து, வருகிற திங்கட்கிழமைக்குள் அந்த ஏழு கற்களையும் எங்கள் தராசில் ஏற்றி நிறுத்தவும், என்னை அதிலிருந்து நிரந்தரமாக இறக்கிவிடவும், குறிப்பாணையை ரத்து செய்யுமாறு கண்காணிப்பாளருக்கு எழுதவும் வேண்டுகிறேன். கல்லை எடுத்தால் கதவு என்னாகும் என்ற தங்கள் கவலையையும் நான் மறக்கவில்லை. சந்தைத் தச்சரிடம் சொல்லி ஒரு மரக்கட்டை செதுக்கி வாங்கி, இத்துடன் இணைத்துள்ளேன். அது போதவில்லை என்றாலும், தயவுசெய்து அந்த இடத்தில் ஓர் ஆளை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

நாள்: வெள்ளிக்கிழமை (கெடு முடிய மூன்று நாள்)
இடம்: தங்கள் அறை வாசல், பார்வையாளர் நாற்காலி

இப்படிக்கு,
எடை எழுத்தர்
(மருந்துக்கடைத் தராசின்படி 97 கிலோ)

இணைப்பு:
1. ஒப்புகைச் சீட்டு நகல்
2. குறிப்பாணை நகல்
3. அறுவை மருத்துவரின் சான்று
4. மரக்கட்டை ஒன்று, தங்கள் கதவுக்கு