மூச்சுக்குக் கேட்டால் மூத்திரத்துக்கு

அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், உன் அப்பாவும் சேர்த்துத்தான், முதலில் அதைத் தெரிந்துகொள். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன், யார் கேட்டார்கள். உன் அப்பா மத்தியானம் கண்ணசந்தால் மூச்சு மெல்லத் தொடங்கி, ஏறி ஏறி ரயில் இஞ்சின் மாதிரி இரைந்து, அப்படியே இறங்கி, சுத்தமாக நின்றுவிடும். உன் அம்மா ஒப்பாரிக்கு வாயைத் திறப்பாள், அதற்குள் இவர் ஹக்கென்று மறுபடி தொடங்கிவிடுவார். இதயம் பலவீனப்பட்டதால் வந்த கோளாறு என்று பார்த்தவுடனே கண்டுபிடித்தது நான், டாக்டரம்மா பிற்பாடு உறுதிப்படுத்தினார், அவ்வளவுதான். அவர் எழுதிய மாத்திரையை வாங்கப் போனால் மருந்துக்கடைக்காரர், "இதப் போட்டா ஒண்ணுக்கு அடிக்கடி போகும், பாத்துக்குங்க" என்கிறார். எனக்குப் பொறி தட்டிவிட்டது. சீட்டில் மூச்சு என்று இருப்பதை இந்த ஆள் மூத்திரம் என்று படித்திருக்கிறார்! "யோவ், மூச்சுக்குக் கேட்டா மூத்திரத்துக்குக் குடுக்கிறியே, எங்கண்ணனக் கொல்லப் பாக்குறியா" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கைதட்டியது. மாத்திரையை உன் அப்பாவுக்குக் கொடுக்காமல் என் சட்டைப்பையில் பத்திரப்படுத்திவிட்டேன்.

மறுநாள் நின்ற மூச்சு நின்றபடியே இருந்தது, உதடெல்லாம் நீலம். உன் அம்மா உலுக்கி உலுக்கி எழுப்பினாள், நான் வண்டியைப் பறக்கவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டரம்மா என் பையைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, மாத்திரை அவர் வயித்துல இருக்கணும், உங்க பாக்கெட்டுல இல்ல" என்றார். மூச்சுக்கு எழுதியது அந்த மாத்திரையேதானாம். அது சிறுநீரகத்தில் வேலை செய்து ரத்தத்தைத் துளியூண்டு புளிக்க வைக்குமாம், அந்தப் புளிப்பு மூளையைச் சீண்டி, மூச்சை விடு, விடு என்று விரட்டுமாம். நானும் அதையேதான் நினைத்தேன் என்று சொல்லிவைத்தேன். இப்போது வேளை தவறாமல் நானே கொடுக்கிறேன். மூச்சு நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது, ஆளும் கழிப்பறைக்கு ஓடுகிறார். விரல் நுனியில் எறும்பு ஊர்கிறதாம், அதுவும் மாத்திரையின் கைவரிசைதானாம். நேற்று என்னைக் கூப்பிட்டு, "அவள வரச் சொல்லாதடா, வேலையப் பாக்கட்டும்" என்றார், என்ன மனிதர்! நீ மூச்சும் பேச்சுமாக நீடூழி வாழ்க. மருந்து விஷயத்தில் சந்தேகம் வந்தால் தயங்காமல் எனக்கு எழுது.

உன் அன்புச் சித்தப்பா

பின்குறிப்பு: வர வேண்டாம் என்று உன் அப்பா சொன்னதாக எழுதினேனே, அது மட்டும் நான் கட்டிய கதை. அப்படிப்பட்ட அண்ணன் இருந்தால் நமக்குப் பெருமை என்று பார்த்தேன். மாத்திரையை வாயில் போடும்போதெல்லாம் "அவ எப்படா வர்றா" என்றுதான் கேட்கிறார். கிளம்பி வா.