புறாக் கழுத்து நிறத்தில் ஒரு கோட்டு

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அனுப்பிய அந்தச் சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு இனிமேல் சைக்கிளில் ஏறாதே. ஒரு நாள்கூட வேண்டாம், பக்கத்துக் கடைக்குக்கூட வேண்டாம். இந்த வரியோடு நிறுத்திவிட்டு நேரே போய் அதை ஆணியிலிருந்து எடுத்துத் தரையில் போடு. அப்புறம் வந்து மற்றதைப் படி, கடிதம் எங்கேயும் ஓடிப் போய்விடாது.

நீ சிரிப்பாய் என்று தெரியும். போன புதன்கிழமை இதையேதான் போனில் எழுதி அனுப்பினேன், நீ வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சியாகப் போட்டு, "அப்பா, இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன், நாளைக்கும் அதைத்தான் போட்டுட்டுப் போவேன்" என்று பதில் போட்டாய். உன் மேல் தப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உன் மழைக்கோட்டு நனைந்தால் சுருங்கிவிடும் என்று சொல்லி, உன்னை மழையில் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வைத்தவன் நான்தானே. தம்பியின் புதுச் செருப்புக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று அவனை ஒரு வாரம் அழ வைத்தவனும் நான்தான். வாயைத் திறந்தால் கிண்டல், போனை எடுத்தால் கிண்டல். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். காகிதத்தில் நான் விளையாடியதே இல்லை, உன் பழைய கடிதக் கட்டை வேண்டுமானால் எடுத்துப் பார்த்துக்கொள்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் சைக்கிள்காரர்களுக்காக இந்தக் கோட்டு போடலாம் என்று முதலாளியம்மா முடிவு செய்தபோது எனக்கு உன் நினைப்புதான் வந்தது. அம்மா உனக்கு வாங்கி அனுப்பியிருந்த, இருட்டில் மின்னுகிற அந்த ஆரஞ்சு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போக நீ பட்ட வெட்கம் எனக்குத் தெரியும். ரோட்டில் பள்ளம் தோண்ட வந்தவள் என்று வாட்ச்மேன் பின்வாசலைக் காட்டினான் என்று சொல்லி நீ சிரித்தாலும், உள்ளுக்குள் சுருக்கென்றிருந்தது எனக்குத் தெரியாமலா இருக்கும். இந்தக் கோட்டு அப்படியில்லை. பார்த்தால் நல்ல இடத்தில் தைத்த ஆபீஸ் கோட்டு. குனிந்து ஓட்டும்போது முதுகு தெரியாதபடி பின்பக்கம் மட்டும் நான்கு விரல் கூடுதல் நீளம், கையை நீட்டினால் இழுக்காதபடி தோளில் மறைவாக ஒரு மடிப்பு, இடுப்பில் ஒரு பிடிப்பு. முதுகிலும் இரண்டு கையிலும் ரிஃப்ளெக்டர் பட்டை, பகலில் சும்மா ஒரு கோடு, இருட்டில் வண்டி வெளிச்சம் பட்டால் பளீரென்று எரியும். அதுதான் திட்டம். அந்தப் பட்டையைத் துணியில் ஒட்டுகிற பிரஸ் மெஷின் என் கையில் இருந்தது, அதுதான் வினை.

பட்டை வந்த சுருளில் சூடு எவ்வளவு, எத்தனை விநாடி என்று அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். அதன்படி ஒட்டினால் பட்டை தகரம் மாதிரி வெள்ளையாக முழித்துக்கொண்டு நின்றது, டிசைன் போடுகிற பெண் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "மாஸ்டர், இது கோட்டா, டிபன் கேரியரா" என்று கேட்டாள். ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்தபோது மறதியாக ஒரு துண்டைப் பிரஸ்ஸின் அடியிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து தூக்கிப் பார்த்தால் அந்தத் தகரப் பளபளப்பு அடங்கி, துணியோடு துணியாகப் படிந்து, புறாக் கழுத்து மாதிரி ஒரு நிறம். கண்ணு, எனக்கு வந்த கர்வத்தைக் கேட்காதே. அந்தப் பெண் துள்ளிக் குதித்துவிட்டாள். முதலாளியம்மா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து சூட்டை ஏற்றி, நேரத்தை இரட்டிப்பாக்கி, நூற்றெண்பது கோட்டுக்கும் நானே என் கையால் அடித்தேன். அதில் முதல் கோட்டை உனக்கு அனுப்பினேன். கூடவே வைத்த சீட்டில் என்ன எழுதினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அந்த ஆரஞ்சு அசிங்கத்தைக் குப்பையில் போடு." நீயும் போட்டுவிட்டேன் என்று சொன்னாய். அப்போது அதைக் கேட்டு எத்தனை சந்தோஷப்பட்டேன் தெரியுமா.

செக்கிங் பார்க்கிற அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், இஞ்ச் டேப் என்று நாங்கள் கூப்பிடுவோமே அவர்தான். ஒரு நூல் பிசகினாலும் விடாத மனுஷி. ஜன்னல் ஓரத்தில் நல்ல வெயிலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், பத்து முறை துவைத்துப் பார்த்தார், பட்டை அசையவில்லை. பாஸ் என்று சீல் குத்தினார். இருட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் துணியைப் பார்த்தே பழகிய கூட்டம் நாங்கள், இருட்டுக்கென்று ஒரு துணி தைத்தோம், அதை இருட்டில் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மனிதர் பட்டறைக்கே நேரே வந்தார். கையில் பிளாஸ்டிக் பை, அதில் நம் கோட்டு, பெண்கள் அளவு. இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்திருந்தது, காலரில் காய்ந்த மண். அதை மேஜையில் வைத்துவிட்டு, "இது மின்னும்னுதானே சொன்னீங்க" என்று மட்டும் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. யாரும் பதில் சொல்வதற்குள் திரும்பிப் போய்விட்டார். போட்டிருந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று பின்னாலேயே ஓடிக் கேட்டிருக்க வேண்டும், நான் அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். விபத்து என்றால் ஆயிரம் காரணம் இருக்கும் என்று முதலாளியம்மா சொன்னார், எல்லோரும் தலையை ஆட்டினோம். நான் மட்டும் கோட்டை எடுத்துக்கொண்டு துணி அடுக்குகிற ஸ்டோர் ரூமுக்குப் போனேன், அதற்குத்தான் ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தி, கோட்டை ஆணியில் மாட்டி, டார்ச்சைக் கண்ணோரத்தில் வைத்து அடித்தேன். இஞ்ச் டேப்பின் செருப்பு ஓரத்தில் கிடந்தது, அதிலிருந்த துளியூண்டு பட்டை நட்சத்திரமாக எரிந்தது. கோட்டு எரியவில்லை கண்ணு. கோட்டு இருந்த இடமே தெரியவில்லை. அந்தப் பட்டைக்குள் பொடிப்பொடியாகக் கண்ணாடி மணி இருக்குமாம், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது அதுதானாம். நான் ஏற்றிய சூட்டில் அடியிலிருந்த பசை பொங்கி மேலே வந்து மணி அத்தனையையும் மூடிவிட்டது. அந்தப் புறாக் கழுத்து நிறம் என் கைவண்ணம் இல்லை, செத்துப்போன பட்டையின் நிறம் அது.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தது. போன மாதம் நீ எழுதியிருந்தாய், "அப்பா, இங்க லாரிக்காரங்க எல்லாம் ரொம்பக் கிட்ட வந்துதான் பிரேக் போடறாங்க, உங்க கோட்டைப் பாக்கத்தான் போல" என்று. அதைப் படித்துவிட்டுப் பட்டறை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இன்னொன்று, நீ அனுப்பிய படம். ஆபீஸ் வாசலில் இருட்டின பிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயே, அது. அதைத் தம்பியிடம் சொல்லிப் பெரிதாக்கி மெஷின் மேலேயே ஒட்டி வைத்திருந்தேன், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கோட்டின் வெட்டைக் காட்டுவேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். ஃபிளாஷ் போட்டு எடுத்த படம். உனக்குப் பின்னால் இருக்கிற ரோட்டுப் பலகை வெள்ளையாக எரிகிறது, சைக்கிள் பெடல் எரிகிறது, உன் ஷூவின் குதிகால்கூட எரிகிறது. நடுவில் உன் முகமும் இரண்டு கையும் மட்டும் அந்தரத்தில் நிற்கின்றன. உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு. மூன்று மாதமாக அந்தப் படத்தை ஆசை ஆசையாகப் பார்த்திருக்கிறேன், இது என் கண்ணில் படவே இல்லை.

முதலாளியம்மாவிடம் அன்றைக்கே போய் நான் செய்ததுதான் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், உட்கார்ந்துவிட்டார். இப்போது இஞ்ச் டேப்பும் டிசைன் பெண்ணும் கடைகளிலிருந்து பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, காலையிலிருந்து மாலை வரை வாங்கினவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போடுகிறார்கள். எடுத்தவர் பெயரை அடித்துவிடுகிறார்கள், எடுக்காதவர் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி. நான் பக்கத்தில் நின்று அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பட்டியலில் உன் பெயர் இல்லை கண்ணு. உன் கோட்டு விற்ற கோட்டு இல்லை, நான் கொடுத்தது. உன்னிடம் சொல்ல வேண்டியவன் நான் ஒருத்தன்தான், என் பேச்சைத்தான் நீ நம்ப மாட்டேன் என்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று சொல்லியிருந்தாய். நேற்று ஞாயிறு. அம்மா காலையிலிருந்து போனை மடியிலேயே வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தாள், துணி மடித்தாள், போன் அடிக்கவில்லை. நான் போட்டால் மணி முழுக்க அடித்து ஓய்கிறது, இன்று காலையிலிருந்து அதுவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலத்துக்கு அப்புறம் நான் அனுப்பியதற்கெல்லாம் ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது. முன்பு ஒரு முறை போனை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு நான்கு நாள் பேச்சுமூச்சு இல்லாமல் இருந்தவள்தானே நீ, இதுவும் அப்படித்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். உன் ஆபீஸ் நம்பருக்குப் போட்டால் மெஷின்தான் பேசுகிறது, பீப் என்றதும் உன் பெயரைச் சொல்லி, கோட்டு வேண்டாம், கோட்டு வேண்டாம் என்று நம் பாஷையிலேயே சொல்லி வைத்தேன், கேட்டவர்களுக்கு என்ன புரிந்ததோ. உன் கூட இருக்கிற பெண்ணின் நம்பரை வாங்கி வையுங்கள் என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள், நான்தான் மகளை வேவு பார்க்கிறாயா என்று அவளைக் கேலி பேசினேன்.

அம்மாவிடம் முழுதாக இன்னும் சொல்லவில்லை. தையலில் ஒரு சின்னக் கோளாறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் இன்று இரும்புக் கடைக்குப் போய் அதே மாதிரி ஆரஞ்சு மேல்சட்டை ஒன்று வாங்கி வந்தேன், அதைப் பார்த்ததும், "குப்பையில போடச் சொன்னவரே நீங்கதானே" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் சட்டையை வாங்கி மடித்து அவளே பையில் வைத்தாள். தம்பி மட்டும் ஒன்றும் புரியாமல், அக்காவுக்குப் பிடிச்ச கலரா இது என்று கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இந்தக் கவரும் சட்டையும் உன்னிடம் வந்து சேர எட்டு நாள் ஆகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். அதற்குமேல் வேகமாக ஒன்றும் இல்லையா என்று கேட்டேன், இதுதான் வேகமானது என்றார்கள். அங்கே இப்போது நாலரைக்கே இருட்டிவிடுகிறது என்றாய். எட்டு நாள் என்றால் எட்டு சாயங்காலம், எட்டு முறை நீ ஆபீசிலிருந்து திரும்புகிற வழியில் அந்தப் பாலத்துக்கு அடியில் இருக்கிற விளக்கில்லாத வளைவைத் தாண்ட வேண்டும். எனக்கு வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

கடிதம் கைக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கோட்டை வெட்டிவிடு, நல்ல துணியாயிற்றே என்று பார்க்காதே, யாருக்கும் கொடுத்தும் விடாதே. ஆரஞ்சுச் சட்டையை அறையில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கண்ணோரத்தில் வைத்து அடித்துப் பார், கண் கூசினால்தான் நல்லது. கடையில் நானும் அடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன், கூசியது. அதைப் போட்டுக்கொண்டு நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு, ஃபிளாஷ் போட்டு எடு. நீ குறையொன்றும் இல்லாமல் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் உனக்கு வழி விட வேண்டும். உன்னைப் பின்வாசலுக்குப் போகச் சொல்லட்டும், சிரிக்கட்டும், பரவாயில்லை. ஊரே முழித்துப் பார்க்கும்படி அசிங்கமாக இரு கண்ணு. கண்ணுக்குத் தெரியும்படி இரு.

இந்த ஒரு முறை விளையாடாத,
உன் அப்பா