செம்பி பனச்சமூடு போன விவரம்

வலியதுறை, திருவனந்தபுரம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பிபினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று ஒரே வரியில் எழுதிவிடத்தான் ஆசை, ஆனால் நான் சுகம், குதிரைகள் சுகம், அப்பாவைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். இந்த வீட்டில் நான் போன் பேசினால் உன் அப்பா பத்திரிகை வாசிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்பார் என்று உனக்குத் தெரியாதா. உன் கூட இருக்கிற மஹேஷ் லீவு முடிந்து வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் பலாச் சக்க வற்றலும் மீன் அச்சாரும் கொடுத்து விடுகிறேன், வற்றல் பொட்டலத்துக்குள் இந்தக் கடிதம் இருக்கும். வற்றலை ரூமில் எல்லாருக்கும் கொடு, அச்சாரை ஒளித்து வை. கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி, சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

குதிரைகளை அப்பாவின் சிநேகிதன் பிஜுவின் பனச்சமூட்டு இடத்துக்கு மாற்றுவதா வேண்டாமா என்று போன மாதம் போனில் சண்டை வந்ததே, அன்றைக்கு நீ அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டாய். குதிரைக்காக வேண்டாம்னு சொல்லுதீங்களா, உங்களுக்காகச் சொல்லுதீங்களா என்று. அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் உன்னோடு பேசவில்லை, நீயும் என்னோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். நடுவில் நான் ஒருத்தி இரண்டு பேருக்கும் தூது. நீ கேட்டதில் தப்பு இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். கடல் பீச் ரோட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு நம் ஷெட்டுக்கு வெளியே மணலே இல்லை, ஒரு பெரிய அலை அடித்தால் உப்புத்தண்ணீர் உள்ளே வந்து நிற்கும், போதாததற்கு ஐப்பசித் துலா மழையும் விடவில்லை. ஈரத்திலேயே நின்று செம்பியின் குளம்பு நடுவில் கறுத்து நாற்றம் எடுத்துவிட்டது. நான்தான் குத்தி எடுத்துக் கழுவி மருந்து வைக்கிறேன், மறுநாள் பார்த்தால் பழையபடி. காய்ந்த தரையில் நிறுத்தாவிட்டால் அடுத்த மழைக்கு முன்னால் நொண்டிவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாதா. தெரியும். ஆனால் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது தினமும் காலையில் நடக்க வேண்டும் என்று சொன்னார்களே, அந்த நடை என்ன நடை என்று நீ வந்து பார்த்ததில்லை. செம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வலியதுறைப் பாலம் வரை போய் வருவார். தனியாக நடக்கச் சொன்னால், ஒரு மனுஷன் சும்மா நடந்தா வட்டு, பைத்தியம்னு நெனைப்பானுவ என்பார். நீ ஒன்பதாம் கிளாஸில் அவள் மேல் ஏறப் படித்தாய். நீ போன பிறகு அவர் அவளோடு பேசப் படித்துவிட்டார். என்னிடம் சொல்லாத சங்கதியெல்லாம் அவள் காதில் சொல்லுவார், எனக்கு வெளியே நின்று கேட்டால் கோபமாகவும் வரும், பாவமாகவும் இருக்கும். அவளை நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டு விட்டால் இந்த மனுஷன் காலையில் எதற்காக எழுந்திருப்பார் என்பதுதான் என் பயம், அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆனாலும் பிஜு விடவில்லை. ஒரு தடவை கொண்டு வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் நானே திருப்பிக் கொண்டு விடுகிறேன் என்று சொல்லி போன வாரம் திங்கட்கிழமை பிக்கப் வண்டியோடு வந்து நின்றான். செம்பியையும் சுல்தானையும் ஏற்றிக்கொண்டு நாங்களும் போனோம். பனச்சமூடு தாண்டி மேட்டில் இருக்கிறது அவன் இடம், பழைய ரப்பர் தோட்டத்தை வெட்டிப் புல் வளர்த்திருக்கிறான், தரை முழுக்கச் செம்மண் பாறை, எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. மலைக்காற்று, கிணற்றுத் தண்ணீர், குதிரைக்கு ஓடி விளையாட இடம். நம் சுல்தானுக்கு வெட்கமே கிடையாது, கல்யாண மாப்பிள்ளைகளைச் சுமக்கிற குதிரை என்ற மரியாதை இல்லாமல் கீழே விழுந்து புரண்டான். செம்பி மட்டும் கொள்ளைத் தொடவில்லை, தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரெண்டு திவசம் கழிஞ்ஞா சரியாகும் சேச்சி என்று பிஜு என்னிடம் சொன்னான். இரண்டு நாள் ஆகியும் வாய் நனைக்கிற அளவுக்குத்தான் குடித்தாள். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவளுக்குப் பிடிக்கேல்ல கேட்டியா, நான் அப்பமே சொன்னேன் என்று சொல்லிச் சொல்லி இரண்டையும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வந்துவிட்டார். தெருவில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் அவள் வீடு தேடி வந்துவிட்டாள் என்று பெருமை.

இங்கே வந்தும் அவள் பாதி வாளிதான் தின்றாள். தின்று பாதியில் தலையை மூலைப்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த மூலையைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. அது டீச்சர் நிற்கிற மூலை. கண்ட பேரை முட்டுகிறாள் என்று நீ பெயர் வைத்தாயே, அந்தக் கறுப்பு ஆடுதான். தோஹாவில் உனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை எழுந்துவிட்டால் ஷெட்டில் நிற்கிறதில் நல்லதைத் தருகிறேன் என்று பொருத்தனை பண்ணியிருந்தேன், குதிரையையா கொடுக்க முடியும், ஆட்டைத்தான் நினைத்தேன். அறுப்பின் பண்டிகை வந்தது அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிறு. குளிப்பாட்டிக் கழுத்தில் மாலை போட்டுச் சபைக்குக் கொண்டுபோய் விட்டேன், ஏலத்தில் நம் அடுத்த தெரு தாசம்மாள் எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் ஒரே வாளியில் செம்பியும் டீச்சரும் வாய் வைத்துத் தின்றதைப் பார்த்தவள் நான், ஒரு நாள் ஆட்டைக் கொடுத்துவிட்டு மறுநாள் குதிரையைப் புது இடத்துக்குக் கூட்டிப்போய், ஏன் தின்னமாட்டேன் என்கிறது என்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். கர்த்தருக்கென்று கொடுத்ததை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது. அதைவிடப் பெரிய கஷ்டம் இன்னொன்று. ஆடு கூடப் போனால் செம்பி பனச்சமூட்டில் நின்றுவிடுவாள். சொல்லாமல் இருந்தால் அப்பாவிடமே இருப்பாள், காலும் போகும். வெள்ளிக்கிழமை அவள் குளம்பைக் கையில் எடுத்தபோது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், அத்தனை வலி. அப்போதே மருந்துக் குப்பியை வைத்துவிட்டுத் தாசம்மாள் வீட்டுக்கு நடந்தேன்.

நான் வாயெடுக்கும் முன்னால் தாசம்மாள் கேட்டாள், என்ன எலிசாளு, நீயும் ஆட்டுக்குத்தானா என்று. அண்ணன், உன் அப்பாதான், நேற்றே வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். செம்பிக்கு இவள் இல்லாமல் தீனி இறங்காது, வயிற்றில் இருக்கிற குட்டி பிறந்ததும் உனக்குத் தந்துவிடுகிறேன், தாயை எனக்குத் தா என்று கேட்டிருக்கிறார். ஏல ஆட்டைத் திருப்பித் தந்தால் தோஷம் வருமோ என்று அவள் தயங்கினாளாம், அதற்கு அப்பா, சபை உபதேசியாரைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன், குட்டி உனக்கு வந்தால் கணக்கு சரி என்று சொன்னாராம். சரி, இப்போதே கூட்டிப் போங்கள் அண்ணா என்று அவள் கயிற்றை அவிழ்த்திருக்கிறாள். அப்பா வாங்கவில்லை. சனியாழ்ச்ச வண்டி வரும், அதுவரைக்கும் இங்கேயே நிக்கட்டும், இவள நான் ஷெட்டுக்குக் கொண்டு போனா செம்பி அங்கேயே நல்லாத் திங்கும், பிறகு எனக்கு அனுப்ப மனசு வராது என்றாராம். அதைக் கேட்டதும் நான் அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் எனக்குத்தான் விளங்கியது என்று நினைத்துக்கொண்டு மூன்று நாள் மூடி வைத்தேன், அந்த மனுஷனுக்கு எனக்கு முந்தியே விளங்கியிருக்கிறது. தெருவெல்லாம் பெருமை பேசிய வாய் எனக்குத் தெரியாமல் பிஜுவுக்கும் போன் பண்ணி வண்டி சொல்லியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பாதியில் விட்ட மருந்தைச் செம்பிக்கு வைத்து முடித்தேன். சனிக்கிழமை காலையில், நல்ல சேலை உடுத்துக்கோ, பனச்சமூடு வரைக்கும் ஒண்ணு போயிட்டு வரலாம் என்றார், ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. பிக்கப்பில் டீச்சர் முன்னமே நின்றுகொண்டிருந்தாள். முந்தின தடவை பலகையில் ஏற ஒரு மணி நேரம் அடம் பிடித்த செம்பி, இந்தத் தடவை யாரும் இழுக்காமல் ஏறிப்போய் டீச்சர் முதுகில் மூக்கை வைத்தாள், சுல்தானும் பின்னால் ஏறிக்கொண்டான். அங்கே போய் இறங்கினதும் செம்பியும் டீச்சரும் ஒரே வாளியில் தின்ன ஆரம்பித்துவிட்டன. அப்பா கொஞ்ச நேரம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார், ஒரு தடவை இருமினார், செம்பி காதை மட்டும் அசைத்தாள், தலையை எடுக்கவில்லை. திரும்பி வருகிற பஸ் அமரவிளை தாண்டியது. பிறகு, அவ திரும்பிப் பாக்கல்ல, அது நல்லதுதான் என்றார். கொஞ்சம் கழித்து, பிபின் ஏர்போர்ட்டுல திரும்பித் திரும்பிப் பாத்தான், அதுதான் எனக்கு இன்னும் தாங்கல்ல என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், பஸ்ஸில் யார் பார்த்தால் என்ன. அவன் கேட்டதுக்குப் பதில் இதுன்னு அவன்கிட்ட சொல்லாண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நான் சொல்லவில்லை, எழுதியிருக்கிறேன்.

இப்போது உன் அப்பாவைப் பற்றி. பழைய நேரத்துக்கே எழுந்துவிடுகிறார், காலி ஷெட்டைப் போய்ப் பெருக்குகிறார். புதன்கிழமை ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன், பஸ் ஏறிப் போய்ப் பார்க்க அது என்ன ஆஸ்பத்திரியா என்று கேட்கிறார், ஆனால் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்திருக்கிறார். நேற்றிலிருந்து பாலம் வரை நான் கூட நடக்கிறேன். நான் ரொம்ப மெதுவாம், செம்பி இப்படி நின்று நின்று வரமாட்டாளாம். சொல்லட்டும், நடக்கிறாரே அது போதும்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, வெறுங்காலோடு குதிரைப் பக்கம் போகாதே, ஏசியிலிருந்து நேராக வெயிலுக்கு இறங்காதே. நீ நிற்கிற லாயத்திலும் படுக்கிற அறையிலும் கர்த்தர் உன் கூட இருக்கட்டும், போன மாதிரியே நல்ல உடம்போடு எங்கள் கையில் வந்து சேரு. ஒன்றை மட்டும் மறக்காதே. வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, அன்றைக்கு என் போனுக்குக் கூப்பிடாதே, அப்பா போனுக்குக் கூப்பிடு. கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அவரிடம் செம்பி எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்கிறார்கள். நீ அவர் எப்படி இருக்கிறார் என்று கேள்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா எலிசாள்