அடைத்து வைத்த குழாய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் கொஞ்ச நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உன் சித்தப்பாவை நினைத்தாலே குமட்டிக்கொண்டு வருகிறது. போனில் சொல்லலாம் என்றால் தன் தம்பியைப் பற்றிப் பேச்செடுத்ததுமே அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார், அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மழையில் நம் வீட்டு மேட்டில் வண்டி சரிந்த கதையை உன் அண்ணன் சொல்லித்தானே கேட்டாய், இப்போது நான் சொல்வதைக் கேள். நானும் அப்பாவும் காய்கறி மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தோம். சேற்றைக் கண்டதும் அப்பா எப்போதும்போல ஃபோர் வீல் கியரைப் போட்டார், பச்சை விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். நாலு சக்கரமும் இழுத்தால் அந்த மேடெல்லாம் அந்தக் கிழட்டு வண்டிக்கு ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்குப் பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்தது, வண்டி பின்னாலேயே வழுக்கிப் போய் வளைவில் இருக்கிற மரத்தில் இடித்து நின்றது. அந்த மரத்துக்கு அப்பால் பள்ளம், உனக்கே தெரியும். சாயங்காலம் வீடு நிறைய ஆள். உன் சித்தப்பா கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "அண்ணனுக்குக் கை நடுங்குது அண்ணி, கியர் சரியா விழல, இனிமே ஓட்ட விடாதீங்க" என்றார். உன் அண்ணன் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். நீயும் "வயசாச்சுப்பா, விட்டுடுங்க" என்று செய்தி அனுப்பினாய். மறுநாளிலிருந்து அப்பா குளியலறைக்குப் போனாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நன்றாக நடந்த மனுஷனை எல்லாரும் சேர்ந்து உட்கார வைத்துவிட்டோம்.

வண்டியை விற்றுவிடலாம் என்று உன் அண்ணன் ஆள் பார்த்ததும், "குடுக்கிறதுக்கு முன்னால அடியில ஒரு தடவ பாத்துடுறேன்" என்றார் அப்பா. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கட்டையை முட்டுக்கொடுத்து, பழைய பாயை விரித்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் டார்ச் பிடித்தேன். ஒரே எண்ணெய்ப் பிசுக்கு, சேறு, போதாததற்கு ஒரு செத்த எலி, அதை வாரிப் போட்டதும் நான்தான். என் தாளிக்கிற கரண்டியால் மண்ணைச் சுரண்டினார், இனி அது அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. இஞ்சினிலிருந்து முன் ஆக்ஸிலுக்கு ஒரு ரப்பர் குழாய் போகிறது, அதன் வழியாகக் காற்றை உறிஞ்சி இழுத்தால்தான் முன்சக்கரம் சேருமாம், சேராவிட்டாலும் கியர் விழுந்தாலே போதும், பச்சை விளக்கு எரிந்துவிடுமாம். அந்தக் குழாயைக் கழற்றினால் அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திருகி, மேலே நீல டேப் சுற்றியிருந்தது. எலி வந்து போல்ட் திருகுமா? நான் போய் உன் அண்ணனிடம் சாவியைக் கேட்டேன், என் முகத்தைப் பார்த்ததும் எடுத்துக் கொடுத்தான். அப்பா போல்ட்டைப் பிடுங்கிவிட்டு வண்டியை வாசலில் மெல்ல நகர்த்திப் பார்த்தார். முன்சக்கரம் சேர்ந்தது, சேர்ந்த கையோடு இடதுபக்கம் எலும்பு நொறுங்குகிற மாதிரி கடகடவென்று சத்தம். மறுபடி அடியில் போய்ப் பார்த்தால், சக்கரத்தோரம் ஆக்ஸில் மூட்டை மூடுகிற ரப்பர் உறை கிழிந்து, கிரீஸெல்லாம் தெறித்து, உள்ளே கருங்கல் தூள் கூழாகக் கிடந்தது. நம் வழியில் கருங்கல் ஏது? வண்டி சரிவதற்கு முன்னால், வீட்டுச் சாமான் மாற்றவேண்டும் என்று அதை இரவல் வாங்கிக்கொண்டு போனாரே சித்தப்பா, தன் வீட்டுச் சுற்றுச்சுவருக்கு அதில் கல் ஏற்றி அடித்திருக்கிறார்!

உடனே போன் போட்டேன். மனுஷன் பதறக்கூட இல்லை. "ஆமா அண்ணி, சத்தம் வந்துச்சு, அண்ணன் திட்டுவாரேன்னு முன்சக்கரம் சேராம குழாய அடைச்சு வச்சேன், சொல்லணும்னுதான் இருந்தேன், மறந்துபோச்சு." மறந்துபோச்சாம்! மரத்தில் இடித்த வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாரே, அப்போதும் மறந்துபோச்சாம், தன் அண்ணன் கையைக் குறை சொல்ல மட்டும் ஞாபகம் வந்ததாம். சீ! போனை வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவர் காபி குடித்த டம்ளரில்தான் இப்போது கழிவு எண்ணெய் பிடிக்கிறோம். அப்பா எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டார். கத்துவார் என்று பார்த்தேன். "அவன் எப்பவுமே பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டார், எனக்கு அவர்மேலும் எரிச்சலாக வந்தது.

பழைய சாமான் கடையில் இடதுபக்கத்து ஆக்ஸில் ஒன்று கிடைத்தது. சக்கரத்தின் பெரிய நட்டு அசையவே இல்லை. ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி என்னை ஏறி நிற்கச் சொன்னார், நின்றேன், படக்கென்று விட்டது. "இவ்வளவு நாளா சோறு போட்டது வீண் போகல" என்று சிரித்தார், எத்தனை நாள் கழித்துச் சிரித்தார் தெரியுமா. வாங்கி வந்த ஆக்ஸிலை மாட்டி, புதுக் குழாய் போட்டு, கிரீஸ் வைத்து முடித்தோம். நேற்று நல்ல மழை. மேட்டின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, "நீ எறங்கிக்கோ, நான் மட்டும் ஏத்திப் பாக்குறேன்" என்றார். நான் இறங்கவில்லை. நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வ, வண்டி ஏறியது, ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. மேலே வந்து இஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "சொல்லியிருந்தா நானே சரி பண்ணியிருப்பேனே, அவன ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டேனே" என்றார். அழுதார், நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை, விற்கிற பேச்சும் இல்லை.

சித்தப்பா உனக்கும் போன் செய்து குழைவார், மரியாதையாகப் பேசு, ஆனால் ஒரு வார்த்தையையும் நம்பாதே. பிள்ளைக்குச் சளி என்றாயே, குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த முறை ஊருக்கு வரும்போது விமான நிலையத்தில் டாக்சி பிடிக்காதே. அப்பாவுக்கு நீயே போன் செய்து, வண்டியை எடுத்துக்கொண்டு வரச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா