மூடிய மடிக்கணினி

புதன்கிழமை.

மேல்வீட்டு அமிரா அன்ரி பொஸ்னியாக்காரி. அவரின் தம்பியைக் கொன்ற படைத் தளபதிக்கு இன்று சர்வதேச நீதிமன்றத்தில் மேன்முறையீட்டுத் தீர்ப்பு. அன்ரியும் அங்கே போய்ச் சாட்சி சொன்னவர். எங்கள் வீட்டில் இருந்து மடிக்கணினியில் நேரலையாக, எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான பிரெஞ்சில் கேட்டோம். முதல் குற்றச்சாட்டில் விடுதலை என்றதும் நான் ஆத்திரத்தில் மடிக்கணினியை மூடிவிட்டேன்.

"விட்டிட்டாங்கள் அம்மா!"

அன்ரி கதிரையை இறுக்கிப் பிடித்தார். அம்மா கத்தினார்.

"திறவடா! படிப்பைத்தான் பாதியில விட்டாய், இதையாவது முடியுமட்டும் கேள்."

திறந்தேன். மற்றக் குற்றங்கள் எல்லாம் உறுதி. ஆயுள் தண்டனை.

அன்ரி என் தலையில் குட்டிவிட்டு அழுதார். அவன் இனி வெளியே வரவே மாட்டானா என்று பிரெஞ்சில் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் வாய் தவறித் தமிழிலேயே "ஓம் அன்ரி" என்றேன். விளங்கியதுபோலத் தலையாட்டினார்.