இடது மணிக்கட்டு

மார்ச் 3

டாக்டர் அவர்களுக்கு,

நலம்தானே? நான்கு வருஷமாகக் கேட்காததை இப்போது கேட்பது தம்பிக்காக. கடையில் கண்ணாடி வெட்டும்போது வலது கட்டைவிரலை மடக்கும் தசைநாண் அறுந்துவிட்டது. நானும் கை ஆபரேஷன் செய்கிறவள்தான். ஆனால், "நீ வேணாம்க்கா, என்னைப் பாத்தா உனக்குக் கை நடுங்கும். மச்சான்தான் பண்ணணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் சொல்வதும் சரிதான்.

ஒன்று மட்டும். ஒட்டுப்போட வழக்கமாக எடுக்கும் மணிக்கட்டுத் தசைநாணைத் தேடாதீர்கள். எனக்கு இரண்டு கையிலும் அது கிடையாது, அவனுக்கும் இருக்காது. உங்கள் பயிற்சி டாக்டர்கள் யாராவது இல்லாததைத் தேடி, அடியில் ஓடும் நரம்பை எடுத்துவிட்டால் விரல்கள் ஆயுசுக்கும் மரத்துப்போகும். காலிலிருந்து எடுங்கள்.

சட்டப்படி இன்னும்
உங்கள் மனைவி

மார்ச் 20

என் அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

எனக்கே பாடமா? நடக்கட்டும். முந்தாநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கவலையை விடு.

கத்தியை எடுக்கும் முன் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கச் சொன்னேன். வலது கையில் ஒன்றுமில்லை. இடது கையில் அந்தத் தசைநாண் கம்பிபோல் எழும்பி நின்றது! அக்காவுக்கு இல்லையென்றால் தம்பிக்கும் இருக்காது என்று யார் சொன்னது? அவனுக்கே இரண்டு கையும் ஒன்றுபோல் இல்லை. அதையே எடுத்து ஒட்டினேன். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவனின் காலை ஏன் வெட்ட வேண்டும்? "அக்காகிட்ட மெதுவா சொல்லுங்க மச்சான், தோத்தா தாங்க மாட்டா" என்கிறான்.

நீ கேட்டுப் பார்க்க மாட்டாய், முடிவு கட்டிவிடுவாய். வெளிநாட்டில் வேலை கிடைத்தபோதும் நான் உன்கூட வர மாட்டேன் என்று நீயே தீர்மானித்துப் பெட்டி கட்டினாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் கணவன்

ஏப்ரல் 17

அன்புள்ள உங்களுக்கு,

தம்பி நேற்று வீடியோவில் விரலை மடக்கிக் காட்டினான். பாதிக்கு மேல் மடங்குகிறது. "ஏன்டா அதுக்குள்ள கட்டைப் பிரிச்சே?" என்று கத்தினேன். "மச்சான்தான் பிரிச்சாரு, அவரைக் கேளு" என்றான். போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.

இடது கை விஷயத்தில் நான் தோற்றேன். எழுதியாயிற்று, வேண்டுமானால் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

அன்று நான் கேட்காததற்குக் காரணம், "வரமாட்டேன்" என்று உங்கள் வாயால் கேட்கப் பயம். இன்றும் பயம்தான். இருந்தாலும் இந்த முறை நான் எதையும் முடிவு கட்டவில்லை. கேட்கிறேன்: என்னோடு வந்து இருக்கிறீர்களா?

உங்கள் மனைவி